பைதனில் இன்டர்பேஸ்: தேவையா, ஜாவாக்காரர் வியாதியா?

மூன்றாம்நிறுவை (ஹட்டன்) – செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவங்களுக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டில்களுக்கு, நிறுவை மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மொழி பைதன். மடுவத்துக்கு ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினி, தராசிலிருந்து வரும் சீரியல் வயர், சின்னத் திரை. ஆளின் இலக்கத்தை அடித்து, சாக்கைத் தராசில் வைத்தால் எடை பதிவாகும். மாத முடிவில் அது செக்ரோலுக்கு (சம்பளப் பதிவேட்டுக்கு) போகும். அவ்வளவுதான் வேலை.

மூன்று வகைத் தராசு இருக்கிறது. மூன்றும் எடையை மூன்று விதமாக அனுப்பும். அதனால் தராசுக்கு ஒரு கிளாஸ் (ஒரு வகைப் பொருளுக்கான கோட்). இரண்டை நான் எழுதினேன், மூன்றாவதை நண்பன் ஒருவன் எழுதித் தந்தான். எல்லாவற்றிலும் கொழுந்து_நிறு, பூச்சியமாக்கு, சாக்கு_கழி என்று மூன்று மெதட் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் கோட்) இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் வாய்ப்பேச்சு. (ஆமாம், பெயரெல்லாம் தமிழில்தான் வைத்திருக்கிறேன். பைதன் 3 ஏற்றுக்கொள்கிறது. சிரிக்க வேண்டாம்.)

நண்பன் சாக்கு_கழி என்பதற்குப் பதிலாக கழி_சாக்கு என்று எழுதிவிட்டான். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. அந்த மடுவத்தில் கணக்கப்பிள்ளை சாக்கு எடையை மனக்கணக்காகவே கழித்துக்கொண்டிருந்தார், யாரும் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. போன வியாழன் மாலை நான்கு மணி, மூன்றாம் நிறுவை. மழை. புதிதாக வந்த பொடியன் பொத்தானை அழுத்திவிட்டான். எட்ரிபியூட் எரர், அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்ற பிழை. புரோகிராம் விழுந்தது. எண்பது பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்கிறார்கள், நான் கினிகத்தேனை வளைவில் பஸ்ஸுக்குள் தொங்கிக்கொண்டு போனில் வழி சொல்கிறேன். அன்று கேட்ட பேச்சுகளை இங்கே எழுத முடியாது.

ஜாவா மொழியில் இன்டர்பேஸ் என்று ஒன்று உண்டு: ஒரு கிளாஸில் இன்ன இன்ன மெதட் இருக்க வேண்டும் என்ற வெறும் பட்டியல். அங்கே என்றால் இது கம்பைலே ஆகியிருக்காது, ஓடுவதற்கு முன்பே நின்றிருக்கும் என்று அன்றிரவு தோன்றியது. வேலை செய்யும் இடத்தில் சீனியரிடம் கேட்டேன். பைதனில் இன்டர்பேஸ் எழுதுகிறவன் ஜாவாவை மறக்க முடியாதவன், அது ஒரு வியாதி என்றார். அப்படியா? டைப்பை (எண்ணா, எழுத்தா, எந்தக் கிளாஸா என்பதை) ஓடும்போது மட்டும் பார்க்கிற மொழியில் இன்டர்பேஸ் என்ன வேலைக்கு ஆகும்?

---

வட்டப்பிளக் (பதுளை) – செவ்வாய், இரவு 9.40

சீனியர் சொன்னது சரி. பைதனில் ஒரு பொருள் என்ன சாதி என்று கேட்பதில்லை, சொன்ன வேலையைச் செய்கிறதா என்றுதான் பார்ப்போம். வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரி கத்தினால் வாத்து. டக் டைப்பிங் என்று அதனால்தான் பெயர்.

உதாரணத்துக்கு நம் வீட்டையே பாருங்கள். சதுரப் பிளக் பேஸில் இரண்டு முள் சார்ஜர் போகாது. என்ன செய்கிறோம்? மேல் ஓட்டையில் பேனையை விட்டுக் குத்துகிறோம், சார்ஜர் உள்ளே போகிறது, போன் சார்ஜ் ஆகிறது. இந்த நாட்டில் அதைச் செய்யாத வீடு இருக்கிறதா? இந்த பேஸுக்கு இந்த பிளக்தான் என்று அடம் பிடித்திருந்தால் பாதிப் பேரின் போன் செத்திருக்கும்.

உங்கள் பிரச்சினை வெறும் எழுத்துப்பிழை. திருத்திவிட்டுத் தூங்குங்கள்.

---

செக்ரோல்அக்கா (நுவரெலியா) – செவ்வாய், இரவு 10.05

வட்டப்பிளக் தம்பி, சார்ஜருக்குப் பேனை சரி. அயன் பொக்ஸையும் ஹீட்டரையும் அதே மாதிரி மாட்டிப் பாருங்கள். அந்த மேல் ஓட்டை சும்மா வைத்ததில்லை, எர்த். அது இல்லை என்பது மாட்டும்போது தெரியாது, ஈரக் கையோடு தொடும்போதுதான் தெரியும். ஹட்டன் தம்பிக்கு மடுவத்தில் நடந்ததும் இதுதானே? மாட்டும்போது போனது, மூன்று வாரம் கழித்து ஷொக் அடித்தது.

நான் எழுதுவது பிஎச்பி மொழியில். அதுவும் டைப்பை ஓடும்போது பார்க்கிற மொழிதான். ஆனாலும் 2004இல் பிஎச்பி 5 வந்தபோதே இன்டர்பேஸ் என்ற சொல்லை மொழிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஒரு கிளாஸ் இந்த இன்டர்பேஸை நிறைவேற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மெதட்டை விட்டால், அந்தக் கிளாஸ் லோட் ஆகிற இடத்திலேயே புரோகிராம் நின்றுவிடும். மெதட்டைக் கூப்பிடும்வரை காத்திருக்காது. பெயர் மட்டுமில்லை, எத்தனை ஆர்கியுமென்ட் (மெதட்டுக்குக் கொடுக்கும் மதிப்பு), என்ன டைப் என்பதும் பொருந்த வேண்டும்.

என் வேலை சம்பளப் பட்டியல். கழிவு என்று எத்தனை வகை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஈபிஎஃப் (சேமலாப நிதி) 8 வீதம் ஆளிடமிருந்து. முதலாளி பக்கத்து 12 வீதமும் ஈடிஎஃப் (நம்பிக்கை நிதி) 3 வீதமும் வேறு கணக்கு. சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கடை பாக்கி. ஒவ்வொன்றும் ஒரு கிளாஸ். எல்லாவற்றுக்கும் மேலே கழிவு என்று ஒரு இன்டர்பேஸ், அதில் நான்கே மெதட். போன வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை தீபாவளி முற்பணத்தை எழுதியது. நான் அன்று லீவு. பிள்ளை யாரையும் கேட்கவில்லை. எடிட்டர் நான்கு மெதட்டையும் வெறும் சட்டியாக வைத்துக் கொடுத்தது, அதை நிரப்பியது. அதில் ஒன்று 'சம்பளம் போதாவிட்டால் என்ன செய்வது' என்பது. அந்த மெதட் பட்டியலில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே அதற்குத் தோன்றியிருக்காது. ஒரு ஆளுக்குச் சம்பளம் மைனஸில் போயிருக்கும்.

எனக்கு இன்டர்பேஸால் வந்த பெரிய லாபம் எரரைப் பிடிப்பது இல்லை, இதுதான். நான் இல்லாத நாளில் என் இடத்தில் நின்று பதில் சொல்கிறது.

---

ஸ்கிரிப்ட்எரர் (கண்டி) – செவ்வாய், இரவு 11.18

நான் எழுதும் ரூபி மொழியில் இன்டர்பேஸ் கிடையாது. நாங்கள் செய்வது: மற்றக் கிளாஸ்கள் பின்பற்றும் தாய்க் கிளாஸில் மெதட்டை வைத்து, உள்ளே 'நொட் இம்ப்ளிமென்டட் எரர்' ஒன்றை எறிந்துவிடுவது. பிள்ளைக் கிளாஸ் அதை எழுதாவிட்டால் அது வெடிக்கும். எரர் வாசகம் தெளிவாக இருக்கும், அதைத் தவிர லாபமில்லை. வெடிக்கும் நேரம் அதே மாலை நான்கு மணிதான்.

இதில் ஒரு குழியும் இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். ரூபியில் அந்த எரர் ஸ்டாண்டர்ட் எரரின் பிள்ளை இல்லை, ஸ்கிரிப்ட் எரரின் பிள்ளை. எரரைப் பிடிக்கச் சும்மா ரெஸ்கியூ என்று எழுதினால் ஸ்டாண்டர்ட் எரர் வகையைத்தான் பிடிக்கும், இதைப் பிடிக்காது. எல்லா எரரையும் பிடித்து லொக் பண்ணிவிட்டு (பதிவு செய்துவிட்டு) அடுத்த வேலைக்குப் போகும் என்று நம்பி ஒரு இரவு வேலையை ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் மொத்தமாகச் செத்துக் கிடந்தது. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

---

இரண்டாம்வருசம் (பேராதனை) – புதன், காலை 7.31

ஒரு முட்டாள்தனமான கேள்வி. கெம்பஸில் இன்டர்பேஸை ஜாவாவில்தான் படித்தோம், பரீட்சைக்கு டெபினிஷன் எழுதினேன், மார்க்ஸும் வந்தது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒன்றை எதற்கு எழுதுகிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாராவது சொல்வீர்களா?

---

செக்ரோல்அக்கா (நுவரெலியா) – புதன், காலை 8.02

இதில் முட்டாள்தனம் ஒன்றுமில்லை, தம்பி. காலையில் பெரட்டில், வேலை பிரிக்கும் இடத்தில், என்ன நடக்கும்? இன்றைக்கு இன்ன மலையில் பத்துப் பேர் வேண்டும், கொழுந்து எடுக்கத் தெரிய வேண்டும் என்பார்கள். யார் மகள், எந்த லயம் (வரிசை வீடு) என்பது அந்த வேலைக்குத் தேவையில்லை. அந்தப் 'பத்துப் பேர், இந்த வேலை' என்கிற சீட்டுத்தான் இன்டர்பேஸ். சீட்டு கொழுந்து எடுக்காது. உள்ளே ஒன்றும் இல்லாதது அதனால்தான்.

---

ஊவாக்காற்று (பண்டாரவளை) – புதன், காலை 10.47

நான் இரண்டு பக்கமும் இல்லை. முதலில் ஹட்டன் நண்பர் கேட்டதற்குப் பதில்.

பைதனில் இதற்கு இரண்டு வழி. ஒன்று ஏபிசி (அப்ஸ்ட்ரக்ட் பேஸ் கிளாஸ்), 2008இல் பைதன் 2.6உடன் வந்தது. தராசு என்று ஒரு தாய்க் கிளாஸ் எழுதி மூன்று மெதட்டுக்கும் அப்ஸ்ட்ரக்ட் (பிள்ளைக் கிளாஸ் கட்டாயம் எழுத வேண்டியது) என்று குறி போட வேண்டும். பிள்ளைக் கிளாஸில் ஒன்று குறைந்தாலும், அந்தக் கிளாஸிலிருந்து பொருளை உருவாக்கும்போதே டைப் எரர் வரும். மடுவத்தில் பை காலையில் எழும்பும்போது மூன்று தராசையும் உருவாக்கிவிட்டால் பிழை காலை ஆறு மணிக்குத் தெரிந்துவிடும், மாலை நான்குக்குப் போகாது. ஆனால் பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். ஆர்கியுமென்டைப் பார்க்காது. அக்கா சொன்ன பிஎச்பி இந்த விஷயத்தில் கறார்.

இரண்டாவது புரோட்டோகோல். 2019இல் 3.8உடன் வந்தது. அதில் பிள்ளைக் கிளாஸ் உங்கள் தாய்க் கிளாஸின் பெயரையே சொல்ல வேண்டியதில்லை. மெதட்டுகள் பொருந்தினால் போதும். வட்டப்பிளக் சொல்லும் வாத்துதான், எழுத்தில் வைத்த வாத்து. ஆனால் அதைப் பார்ப்பது மைபை மாதிரி ஒரு தனிக் கருவி. அதை ஓட்டாவிட்டால் நீங்கள் எழுதியது வெறும் கொமன்ட் (குறிப்பு). ஓடும்போதும் சோதிக்க வசதி உண்டு, அதுவும் பெயரை மட்டும்தான் பார்க்கும். மற்றவர் எழுதிய, உங்களால் திருத்த முடியாத தராசு டிரைவர் கோட் என்றால் புரோட்டோகோல். எல்லாக் கோடும் உங்கள் கையில், மைபை ஓட்டுகிற பழக்கமும் இல்லை என்றால் ஏபிசி. உங்களுக்கு ஏபிசி.

இப்போது மறுபக்கம். இன்டர்பேஸ் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். கொழுந்து_நிறு ஒரு எண்ணைத் தரும். கிலோவா, கிராமா? சாக்கு உள்ளேயா, வெளியேயா? தராசு ஆடி முடிந்த எடையா, ஆடும்போது வந்ததா? இதில் ஒன்றைக்கூட இன்டர்பேஸ் கேட்காது. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் காணாமல் போனது எதனால்? ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்ட் கணக்கில் எண்ணைக் கொடுத்தது, மறுபக்கம் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண் எண்ணாகத்தான் வந்தது. டைப்பில் பிழையில்லை.

இதற்கு மருந்து டெஸ்ட், கோடைச் சோதிக்கும் கோட். ஒரே டெஸ்டை எழுதி மூன்று தராசு மீதும் ஓட்டுங்கள். அது இருந்தால் கழி_சாக்கும் அதிலேயே பிடிபட்டிருக்கும், இன்டர்பேஸ் இல்லாமலே.

---

மூன்றாம்நிறுவை (ஹட்டன்) – புதன், பகல் 12.20

டெஸ்ட் இருந்தது, அண்ணே. அதுதான் வெட்கம். எல்லாம் பச்சை, பாஸ். தராசுக்குப் பதிலாக மொக் என்ற பொய்த் தராசை வைத்து எழுதியிருந்தேன்.

---

ஊவாக்காற்று (பண்டாரவளை) – புதன், பகல் 12.31

பிடிபட்டீர்கள். பைதன் மொக் என்பது எதைக் கேட்டாலும் ஆமாம் சாமி போடும். சாக்கு_கழி என்றால் இருக்கிறது என்னும், சாக்கு_கிழி என்றாலும் இருக்கிறது என்னும். உங்கள் டெஸ்ட் தராசைச் சோதிக்கவில்லை, ஆமாம் சாமியைச் சோதித்தது.

மொக்குக்கு ஸ்பெக் என்று ஒன்றைக் கொடுக்கலாம். ஓட்டோஸ்பெக் என்றால் ஆர்கியுமென்ட் எண்ணிக்கையையும் பார்க்கும். அப்போது அந்தக் கிளாஸில் இல்லாததைக் கேட்டால் மொக்கும் எரர் தரும். ஆனால் எந்தக் கிளாஸைக் கொடுப்பது? மூன்றில் ஒன்றைக் கொடுத்தால் மற்ற இரண்டும் வெளியே நிற்கும். தராசு என்று பொதுவாக ஒன்று எழுதி வைத்திருந்தால் அதைக் கொடுக்கலாம்.

சரி, இந்த இடத்தில் இன்டர்பேஸுக்கு ஒரு புள்ளி கொடுக்கிறேன். டெஸ்ட் போதும் என்று காலையில் நான் சொன்னதற்கே அது தேவைப்படுகிறது.

---

வட்டப்பிளக் (பதுளை) – புதன், பகல் 1.15

இதற்கெல்லாம் ஏபிசி எதற்கு? பை எழும்பும்போது ஹேஸ்எட்ர் வைத்து மூன்று பெயரும் இருக்கிறதா என்று ஒரு லூப்பில் பார்த்தால் முடிந்தது. நான்கு வரி.

---

மூன்றாம்நிறுவை (ஹட்டன்) – புதன், பகல் 1.52

இப்போதே போட்டுப் பார்த்தேன், மச்சான். என்னுடைய சொந்தக் கிளாஸிலேயே கொழுந்து_நிறு இல்லை என்கிறது. நேரடியாகக் கூப்பிட்டால் அழகாக வேலை செய்கிறது! பேய் வேலையா இது?

---

ஸ்கிரிப்ட்எரர் (கண்டி) – புதன், பகல் 2.09

ஹேஸ்எட்ருக்குக் கொடுத்த பெயரை போனில் தட்டினீர்களா, அல்லது வேறு கீபோர்டிலா? 'கொ' எழுதின விதத்தைப் பாருங்கள்.

---

மூன்றாம்நிறுவை (ஹட்டன்) – புதன், பகல் 2.14

கிளாஸ் எழுதியது லெப்டொப்பில். இந்தப் பட்டியலை போனில் தட்டி எனக்கே வட்ஸ்அப் பண்ணி ஒட்டினேன். ஏன்?

---

ஸ்கிரிப்ட்எரர் (கண்டி) – புதன், பகல் 2.38

அதுதான். கணினி எழுத்து முறையான யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒரே ஒகரக் குறி ஒன்று. எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கோடில் வரும் பெயர்களை பைதன் வாசிக்கும்போது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் நேரடியாகக் கூப்பிட்டால் வேலை செய்கிறது. ஆனால் ஹேஸ்எட்ருக்குள் போவது பெயர் இல்லை, ஸ்ட்ரிங், மேற்கோளுக்குள் இருக்கும் வெறும் எழுத்து. ஸ்ட்ரிங்கை அது தொடாது. நீங்கள் கொடுத்தது துண்டுக் கொ, கிளாஸில் இருப்பது சேர்ந்த கொ.

ஏபிசியில் இந்தத் தொல்லை வராது. இரண்டு பக்கமும் கோடில் எழுதின பெயர், இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

தமிழில் மெதட் எழுதுகிற ஆளுக்குத்தான் இந்தப் பேய் பிடிக்கும். பாராட்டுகள்.

---

வட்டப்பிளக் (பதுளை) – புதன், பகல் 2.41

சரி, நான்கு வரியை வாபஸ் வாங்குகிறேன். கொம்பும் காலும் முளைத்த வாத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

---

கழிசாக்கு (புதிய உறுப்பினர்) – புதன், இரவு 8.26

அந்த நண்பன் நான்தான். இதற்காகவே கணக்குத் திறந்தேன்.

என் பக்கத்தையும் கேளுங்கள். மூன்று மெதட் என்று இவன் எங்கே எழுதித் தந்தான்? போனில் சொன்னான். நான் நானுஓயாவிலிருந்து ரயிலில் வருகிறேன், சுரங்கத்துக்குள் போகும்போதெல்லாம் சிக்னல் விட்டுப் போகிறது. சாக்கு என்றும் கழி என்றும் கேட்டது. எது முன்னால் எது பின்னால் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் மெதட் எழுதினால் வினைதானே முதலில் வரும், அந்தக் கைப்பழக்கத்தில் கழி_சாக்கு என்று வைத்தேன். என் டெஸ்டில் அது வேலை செய்தது. ஏனென்றால் என் டெஸ்டிலும் கழி_சாக்குதான்.

எட்டு வரியில் ஒரு பைல் அனுப்பியிருந்தால் இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. அந்தப் பைலின் பெயர் இன்டர்பேஸா, சீட்டா, வியாதியா என்பது எனக்குத் தேவையில்லை.

---

செக்ரோல்அக்கா (நுவரெலியா) – புதன், இரவு 8.40

தம்பி கழிசாக்கு, இந்த இழையில் நான் படித்ததில் இதுதான் நல்ல பதில்.

இதையே பெரிய அளவில் பிஎச்பிக்காரர்கள் செய்தார்கள். முன்பு ஒவ்வொரு லைப்ரரியும் (மற்றவர் எழுதித் தந்த தயார்க் கோட்) நடந்ததைப் பதிவு செய்யத் தனக்கென்று ஒரு லொக்கர் வைத்திருந்தது. ஐந்து லைப்ரரி சேர்த்தால் ஐந்து விதமாக லொக் எழுதும். பிறகு பிஎஸ்ஆர் 3 என்று ஒரு இன்டர்பேஸில் உடன்பட்டார்கள். ஒன்பது மெதட், வேறொன்றுமில்லை. இன்றைக்கு நான் எழுதும் கோட் அந்த ஒன்பதை மட்டும் கேட்கும். எந்த லொக்கரைக் கொடுத்தாலும் சரி. எழுதினவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் நான் போன் பண்ண முடியுமா, அதுவும் சுரங்கத்துக்குள்?

---

ராகலைரயில் (ராகலை) – புதன், இரவு 9.55

நானுஓயா என்றதும் வந்துவிட்டேன். அந்தக் காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக எங்கள் ராகலை வரை ஒரு குறுகிய பாதை ஓடியது. அகலம் இரண்டரை அடி. பெரிய பாதை ஐந்தரை அடி. தேயிலைப் பெட்டி எல்லாவற்றையும் நானுஓயாவில் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும். தொல்லைதான். ஆனால் பொருந்தாது என்பது ஸ்டேஷனில் நிற்கும்போதே தெரியும், நடு வழியில் பட்டிப்பொல மேட்டில் வைத்துத் தெரியாது.

புரோகிராமிங் எனக்குத் தெரியாது. மகன் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினான். தொடருங்கள்.

---

கினிகத்தேனைமழை (கினிகத்தேனை) – வியாழன், காலை 6.50

ஜாவாக்காரர் வியாதி என்கிற பேச்சுக்கு மட்டும் ஒரு பதில். ஜாவாவின் இன்டர்பேஸ் அப்ஜெக்டிவ் சி என்ற மொழியின் புரோட்டோகோலைப் பார்த்து வந்தது. அப்ஜெக்டிவ் சியில் எந்தப் பொருளுக்கும் எந்த மெசேஜும் அனுப்பலாம், ஏற்கிறதா என்பது ஓடும்போதுதான் தெரியும். அப்படிப்பட்ட மொழிக்காரர்களிடமிருந்துதான் ஜாவா வாங்கியிருக்கிறது.

எர்லாங்கையும் பாருங்கள். எரிக்சன் கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகச் செய்த மொழி, முழுக்க டைனமிக். அதில் பிஹேவியர் என்று வைத்திருக்கிறார்கள்: இன்ன இன்ன பங்ஷன் இருக்க வேண்டும் என்ற பட்டியல். விட்டுப்போனால் கம்பைலர் எச்சரிக்கும், தடுக்காது. எனக்கு அந்த அளவு பிடிக்கும்.

மறுபக்கம் டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்டாக மாறி ஓடும் மொழி. அங்கே இன்டர்பேஸ் கம்பைல் ஆனதும் காற்றில் கரைந்துவிடும். ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் அதன் வாடையே இருக்காது. சர்வரிலிருந்து வந்த ஜேசன் தரவில் எடை ஸ்ட்ரிங்காக இருந்தாலும், இன்டர்பேஸில் எண் என்று எழுதிவிட்டோமே என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். ஓபிஸில் வாரம் ஒன்று இப்படி வருகிறது.

---

ஸ்கிரிப்ட்எரர் (கண்டி) – வியாழன், காலை 9.30

வியாதியும் உண்டு, இல்லை என்று சொல்லாதீர்கள். நான் எடுத்துப் பார்த்த ஒரு புரொஜெக்டில் நாற்பது கிளாஸ், நாற்பது இன்டர்பேஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கிளாஸ்தான் பிள்ளை. ஒரு மெதட்டில் ஆர்கியுமென்ட் சேர்க்க இரண்டு பைல் திருத்த வேண்டும். ஏன் என்று கேட்டால் நாளைக்கு டேட்டாபேஸ் மாற்றினால் உதவும் என்றார்கள். அந்த நாளை வரவில்லை, கஸ்டமர்தான் மாறிப் போனார்.

என் கணக்கு இது. ஒரே கிளாஸ், ஒரே ஆள் எழுதுகிறார் என்றால் வேண்டாம். இரண்டாவது கிளாஸ் வரும்போது யோசிக்கலாம். இரண்டாவது ஆள் வந்துவிட்டால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஹட்டனில் மூன்று கிளாஸும் இரண்டு ஆளும் இருந்தார்கள்.

---

வட்டப்பிளக் (பதுளை) – வியாழன், காலை 9.44

இரண்டாவது ஆள் என்றால் ஆறு மாதம் கழித்து அதே கோடைத் திறந்து பார்க்கும் நானும் சேர்த்தியா?

---

ஸ்கிரிப்ட்எரர் (கண்டி) – வியாழன், காலை 9.45

உங்கள் கோடைப் பார்த்திருக்கிறேன். சேர்த்தி.

---

மூன்றாம்நிறுவை (ஹட்டன்) – ஞாயிறு, இரவு 7.18 (மூன்று வாரம் கழித்து)

திரும்ப வந்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஏபிசி போட்டேன். தராசு கிளாஸ் மொத்தம் பதினாறு வரி, அதில் பாதி கொமன்ட். பை எழும்பும்போது மூன்று தராசையும் உருவாக்கிப் பார்க்கும், குறைந்தால் திரையில் சிவப்பாகக் காட்டிவிட்டு நிற்கும். வேலைக்குப் போட்டதும் முதல் நாள் காலையிலேயே சிவப்பு. நான் எழுதின இரண்டாவது தராசில் பூச்சியமாக்கு இல்லை! நண்பனைத் திட்டிக்கொண்டிருந்த நான்தான். அவன் இதை வாசித்துக்கொண்டிருப்பான், வாசிக்கட்டும்.

பெரிய விஷயம் அது இல்லை. அந்த மூன்று மெதட்டுக்கும் மேலே என்ன தரும் என்று ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். கொழுந்து_நிறு: கிலோவில், ஆடி நின்ற பிறகு. அதுவரை கை ஓடியது. அடுத்தது சாக்கோடா, சாக்கில்லாமலா? எனக்கே பதில் தெரியவில்லை. என் கிளாஸ் இரண்டிலும் சாக்கோடு. நண்பனைக் கேட்டால், தராசு என்ன அனுப்புகிறதோ அதை அப்படியே தருகிறேன் என்றான்.

ஊவாக்காற்று அண்ணன் சொன்ன மாதிரி ஒரே டெஸ்டை மூன்றுக்கும் ஓட்டுவோம் என்று முடிவு செய்தேன், மொக் இல்லாமல். 5 கிலோ படிக்கல் ஒன்றையும் மடுவத்துச் சாக்கு ஒன்றையும் எடுத்துக்கொண்டு மூன்று மடுவத்துக்கும் போனேன். கல்லைச் சாக்கில் போட்டு வைத்தால் முதல் இரண்டு தராசும் 6 என்றன. மூன்றாவது 5 என்றது.

அந்தத் தராசிலேயே 1 கிலோ கழிவை யாரோ செட் பண்ணி வைத்திருக்கிறார்கள். தராசு ஒரு தரம் கழிக்கிறது, அந்தக் கணக்கப்பிள்ளை மற்ற மடுவங்களில் செய்கிற மாதிரி மனக்கணக்கில் இன்னொரு தரம் கழித்திருக்கிறார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது, தராசு கழிப்பது அவருக்குத் தெரியாது. பொத்தான் சரியாக வேலை செய்திருந்தால் என் புரோகிராமும் அதையேதான் செய்திருக்கும்.

ஒரு நிறுவைக்கு 1 கிலோ, ஒரு நாளில் மூன்று நிறுவை. கூடைக்கு, ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோ வெட்டுவது இங்கே எவ்வளவு பழைய சண்டை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மடுவத்தில் ஒருத்தி மாத முடிவில் கிலோ குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கொம்பியூட்டர் பிழை விடாது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

---

ஊவாக்காற்று (பண்டாரவளை) – ஞாயிறு, இரவு 7.50

படிக்கல் டெஸ்ட். நன்றாக இருக்கிறது. மாதம் ஒரு தரம் ஓட்டுங்கள், தராசின் செட்டிங்கை யாரும் எப்போதும் மாற்றலாம்.

---

செக்ரோல்அக்கா (நுவரெலியா) – ஞாயிறு, இரவு 8.03

அந்த வெட்டின கிலோ என்ன ஆனது?

---

மூன்றாம்நிறுவை (ஹட்டன்) – ஞாயிறு, இரவு 8.21

மூன்றாவது தராசு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நிறுவையும் டேட்டாபேஸில் இருக்கிறது, அக்கா. ஆளுக்கு எத்தனை நிறுவை என்று எண்ணி, இலக்கம் வாரியாகப் பட்டியல் போட்டு ஓபிஸில் கொடுத்தேன். ஒரு பிரதியை அந்தப் பெண்ணிடமும் கொடுத்துவிட்டேன். வருகிற சம்பளத்தோடு சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். 10ஆம் தேதி செக்ரோல் வரும், பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.